பில் உங்கள் பெயரில், பாஸ்வேர்ட் யார் பெயரில்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனால் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. "லாக் இன் யார் பெயரில் இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பலருக்கு இந்தக் கேள்வியே புரிவதில்லை. "கடைத் தம்பி போட்டுக் கொடுத்தார் சார், 1234 அடித்தால் திறக்கும்" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். லேப்டாப் வாங்கி இரண்டு ஆண்டுகள் நன்றாகப் பயன்படுத்தினார். மகள் திருமணப் படங்கள், பேரனின் படங்கள், தன் சொந்த ஊரின் வரலாறு என்று அவரே டைப் செய்து வந்த கட்டுரைகள், எல்லாம் அதில்தான். சென்ற ஆண்டு லேப்டாப் ஆன் ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். வாரண்டி இருந்ததால் பணமும் கேட்கவில்லை. சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டு வந்து ஆன் செய்தால், வழக்கமான திரைக்குப் பதில் நீல நிறத் திரை ஒன்று வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. 1234 போட இடமே இல்லை.

என்னைக் கூப்பிட்டார். விசாரித்ததில் தெரிந்தது இதுதான். லேப்டாப் வாங்கிய அன்று கடையில் இருந்த பையன், கூட்டம் அதிகமாக இருந்ததால், வேகத்துக்கு ஏதோ ஒரு மெயில் முகவரியை அங்கேயே உருவாக்கி, அதில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் திறந்து, பின் எண் 1234 போட்டுக் கையில் கொடுத்துவிட்டான். ரெகவரி கீ அந்த அக்கவுண்டில் பத்திரமாக இருக்கிறது. அந்த அக்கவுண்டின் முகவரியும் பாஸ்வேர்டும் பையனுக்கு நினைவில்லை. அவன் அந்தக் கடையை விட்டுப் போயும் ஒரு வருடம் ஆகிவிட்டது.

ஆசிரியர் பீரோவைத் திறந்து பில்லை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "தம்பி, பில் என் பேர்ல இருக்கு. பணம் நான் கொடுத்தேன். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கம்ப்யூட்டர் பில்லைப் பார்ப்பதில்லை. ஆளையும் பார்ப்பதில்லை. முன்பு கொடுத்த விடையும் இப்போது கொடுக்கும் விடையும் ஒன்றா என்று மட்டும்தான் பார்க்கிறது.

இந்த ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் வாங்கும் ஒவ்வொருவரும் ஓரளவாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பைக் வாங்குபவர் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்காமல் போவதில்லையே!

எஸ்கேப் கீ போதும் என்ற காலம்

விண்டோஸ் 95, 98 வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆன் செய்தவுடன் யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்டு ஒரு சின்ன டயலாக் பாக்ஸ் வரும். பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் எஸ்கேப் கீயைத் தட்டினால் போதும், டெஸ்க்டாப் வந்துவிடும். அது கதவுக்குப் பூட்டே அல்ல. நெட்வொர்க்கில் இணைவதற்கும், சேமித்து வைத்த மற்ற பாஸ்வேர்டுகளை எடுப்பதற்கும்தான் அந்தப் பெட்டி. பலர் அதைப் பூட்டு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு எக்ஸ்பி வந்தது. அதன் ஹோம் பதிப்பில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஓர் அக்கவுண்ட் வெல்கம் திரையில் தலைகாட்டாமல் ஒளிந்திருக்கும். அதற்கு பாஸ்வேர்ட் காலி. சேஃப் மோடில் போனால் அது வெளியே வரும். வீட்டில் பிள்ளைகள் கேம் விளையாடாமல் இருக்கப் பூட்டு போட்ட அப்பாக்களை, அதே பிள்ளைகள் இந்த வழியில்தான் ஏமாற்றினார்கள்.

பாஸ்வேர்டின் பிறப்பு இதைவிடப் பழைய கதை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1960களின் தொடக்கத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற சிஸ்டத்தை உருவாக்கியது. ஒருவர் ஃபைலை மற்றவர் தொடக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் அப்படியே ஒரு ஃபைலில் எழுதி வைத்தார்கள். 1962ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. அந்தப் பாஸ்வேர்ட் ஃபைலையே அச்சடித்துத் தரும்படி வெள்ளிக்கிழமை இரவு பஞ்ச் கார்டில் கேட்டு வைத்தார். கம்ப்யூட்டரும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்தது! 1966ல் இன்னும் மோசம். ஒரே நேரத்தில் இரண்டு ஃபைல்களைத் திருத்தும்போது ஒன்றுக்கொன்று மாறிப் போய், லாக் இன் செய்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் திரையில் வந்தது.

திருடன் பூட்டை உடைக்கவில்லை. சாவிக் கொத்து மாட்டிய ஆணியைத்தான் கண்டுபிடித்தான்.

அரைத்த மாவு

இதற்குத் தீர்வு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதம் என்பவரிடமிருந்து அதே 1960களில் வந்தது. பாஸ்வேர்டைச் சேமித்தே வைக்க வேண்டாம், அதை ஒரு கணக்கில் போட்டு வரும் விடையை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றார். அந்தக் கணக்கு ஒருவழிப் பாதை. போகலாம், திரும்ப முடியாது. இதைத்தான் ஹாஷ் என்கிறார்கள். அரிசியும் உளுந்தும் போட்டு அரைத்த மாவிலிருந்து மறுபடி அரிசியைப் பிரித்தெடுக்க முடியுமா? அது போலத்தான். ஆனால் வீட்டு கிரைண்டர் போல் இல்லாமல் இங்கே அதே அரிசி, அதே அளவு போட்டால் அச்சு அசலாக அதே மாவு வரும். நீங்கள் லாக் இன் செய்யும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் நீங்கள் தட்டியதைப் புதிதாக அரைத்து, ஏற்கெனவே வைத்திருக்கும் மாவோடு ஒப்பிடுகிறது. ஒத்துப் போனால் உள்ளே விடும். உங்கள் பாஸ்வேர்ட் என்ன என்று அதற்கே தெரியாது.

"அப்படியானால் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்று மெக்கானிக்கிடம் கேட்பதில் அர்த்தமில்லை என்று புரிகிறதா? அவரால் மாற்ற முடியலாம், அழிக்க முடியலாம். பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்தால் ஒரே மாவு வருமே? வரும். அதனால் அரைக்கும் முன் ஆளுக்கொரு விதமாக ஏதாவது எழுத்துகளைக் கலந்து விடுவார்கள். அதற்குப் பெயரே உப்பு, ஆங்கிலத்தில் சால்ட். யூனிக்ஸ் சிஸ்டத்தில் இதைக் கொண்டு வந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979ல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் படிக்கத் தக்கது. மக்கள் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளை அவர்கள் திரட்டிப் பார்த்தார்கள். 15 பேர் ஒரே ஓர் எழுத்தை பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டெழுத்து. எல்லாம் கூட்டிப் பார்த்தால் 2,831, அதாவது 86 சதவீதம், எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை. மாவைத் திருப்பி அரிசியாக்க முடியாவிட்டாலும், ஊரில் உள்ள எல்லா அரிசியையும் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்க்கலாம் அல்லவா? திருடர்கள் அதைத்தான் செய்கிறார்கள். 2009ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. அரைக்காமல் அப்படியே வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள். அவற்றில் முதலிடம் 123456. முப்பது வருடத்தில் நாம் ஓர் எழுத்திலிருந்து ஆறு எண்களுக்கு முன்னேறியிருக்கிறோம்!

பெரியவர்களும் விதிவிலக்கல்ல. அதே கென் தாம்சன் பழைய யூனிக்ஸில் வைத்திருந்த பாஸ்வேர்டின் ஹாஷ் பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. 2019ல் ஒருவர் நவீன கிராஃபிக்ஸ் கார்டை நான்கு நாட்களுக்கு மேல் ஓடவிட்டுக் கண்டுபிடித்தார். அது செஸ் ஆட்டத்தின் முதல் நகர்த்தலைப் பழைய முறையில் எழுதிய எட்டெழுத்துக் குறியீடு. தாம்சன் செஸ் விளையாடும் கம்ப்யூட்டர் செய்தவர் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அத்தனை வருடம் தாங்கியது, எழுத்தும் எண்ணும் குறிகளும் கலந்திருந்ததால். எட்டெழுத்துக்கு மேல் அந்த சிஸ்டம் பார்க்காது என்பதும் கவனிக்க வேண்டியது. இன்றைய கம்ப்யூட்டரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆகவே நீளமாக வையுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த, ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் போதும். பாட்டு வரி வேண்டாம். அது உங்களுக்கு மட்டுமா தெரியும்?

இதே அறிவை வைத்து ஒரு வெப்சைட்டை எடை போடலாம். "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்பதில் கிளிக் செய்தால் உங்கள் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பும் தளம் இருக்கிறதா? அவர்கள் அரைக்கவே இல்லை அல்லது திரும்ப எடுக்கக் கூடிய விதத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எனக்கு ஒரு தளம் அப்படி அனுப்பியது. அன்றே அந்தக் கணக்கை மூடினேன். அதே பாஸ்வேர்டை வேறு இரண்டு இடங்களில் வைத்திருந்தது என் தவறு, அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

நான் ஒத்துக்கொள்ளாத அறிவுரைகள்

மாதம் ஒரு முறை பாஸ்வேர்டை மாற்று என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். வேண்டாம். மாற்றச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவான். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் முன்பு வெளியிட்ட ஆவணத்தில் இந்த மாதிரி விதிகளை எழுதிய பில் பர் என்பவரே 2017ல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு நிஸ்ட் தன் விதிகளை மாற்றி, காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2019ல் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து இந்தக் காலக்கெடுவை எடுத்துவிட்டது. வெளியே கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

பாஸ்வேர்டை எழுதி வைக்காதே என்பது இன்னொன்று. ஆபீஸில் மானிட்டரில் ஸ்டிக்கர் ஒட்டுபவர்களுக்குச் சொன்னதை வீட்டுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் கருத்து நேர் எதிர். எழுதி வையுங்கள். நல்ல நீளமான பாஸ்வேர்டாக வைத்து, ஒரு தாளில் தெளிவாக எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடும் ரேஷன் கார்டோடும் வையுங்கள். உங்கள் பாஸ்வேர்டை உடைக்கப் பார்க்கும் ஆள் வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் உங்கள் பீரோவைத் திறக்க வரப் போவதில்லை. பாதுகாப்புத் துறையில் பெயர் பெற்ற புரூஸ் ஷ்னையர் 2005லேயே எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார். லேப்டாப் பையில் மட்டும் அந்தத் தாளை வைக்காதீர்கள். ஒன்று போனால் இரண்டும் போகும்.

மூன்றாவது, பாஸ்வேர்ட் ஹின்ட். எக்ஸ்பி காலத்தில் ஹின்ட் பெட்டியில் பாஸ்வேர்டையே டைப் செய்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஹின்ட் யார் கேட்டாலும் தெரியும் என்பதை அவர்கள் அறியவில்லை. 2013ல் அடோபி நிறுவனத்தின் தகவல்கள் திருடு போனபோது பலருடைய பாஸ்வேர்டுகளை ஊகிக்க உதவியது, கூடவே இருந்த இந்த ஹின்ட்கள்தான்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்வேர்ட் சரியாக அடித்தும் தவறு என்று வருகிறதா? பதறிப் போய் ஃபார்மட் செய்யச் சொல்லாதீர்கள். கேப்ஸ் லாக் பாருங்கள். அடுத்து, லாக் இன் திரையின் கீழ் மூலையில் கீபோர்டு மொழி தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் நீங்கள் தமிழ் எழுத்து அடிப்பது உங்களுக்கே தெரியாது.

பின் எண் வேறு, பாஸ்வேர்ட் வேறு

இப்போது ஆசிரியர் கதைக்கு வருவோம். இன்றைய விண்டோஸில் தினமும் நீங்கள் போடும் பின் எண் உங்கள் அக்கவுண்டின் பாஸ்வேர்ட் அல்ல. அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். மதர்போர்டோடு சேர்ந்த டிபிஎம் என்ற சிப்போடு அது கட்டப்பட்டிருக்கிறது. தொடர்ந்து தவறாகப் போட்டால் அந்த சிப் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் சின்ன எண்ணாக இருந்தும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. (அதற்காக 1234 வேண்டாம்!) மதர்போர்டை மாற்றினால் சிப்பும் போகிறது, பின் எண்ணும் போகிறது.

பழைய கம்ப்யூட்டர்களில் லாக் இன் பாஸ்வேர்ட் என்பது சுவரில்லாத வீட்டுக்குக் கதவு போட்டது போல. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லா ஃபைலையும் படிக்கலாம். இப்போது வரும் பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கொண்டு முதல் முறை லாக் இன் செய்தவுடன் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகிவிடுகிறது. அதாவது சுவரும் எழும்பிவிட்டது. லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தாலும் உங்கள் படங்கள் யார் கையிலும் சிக்காது. நல்ல ஏற்பாடுதான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த 48 இலக்க ரெகவரி கீ முதல் நாள் லாக் இன் செய்தவரின் அக்கவுண்டுக்குப் போகிறது. அவர் நீங்களாக இல்லாவிட்டால் சுவர் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இதில் கடைப் பையன்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்குபவர் அவசரப்படுத்துகிறார், மெயில் முகவரி இல்லை என்கிறார், "நீயே போட்டுக் கொடுப்பா" என்கிறார். கடை முதலாளிகள்தான் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். வாடிக்கையாளரின் அக்கவுண்ட் இல்லாமல் செட்டப்பை முடிக்கக் கூடாது, ரெகவரி கீயை அச்சடித்து பில்லோடு பின் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு தாள், ஒரு நிமிடம். மவுஸ் பேட் இலவசம் தருவதைவிட இது பெரிய உபகாரம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸ் சென்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் யுவர் இன்ஃபோ என்பதில் கிளிக் செய்திடவும். அங்கே தெரியும் மெயில் முகவரி உங்களுடையதா? உங்களுடையது என்றால் பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைத் திறந்து, உங்கள் சாதனத்தின் பக்கத்தில் ரெகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எடுத்து வைத்திடவும். வேறு யாருடையதோ என்றால், முதலில் முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி செய்திடவும். பிறகு அதே பக்கத்தில் லோக்கல் அக்கவுண்டுக்கு மாறும் வழியைத் தேர்ந்தெடுத்து மாறிவிட்டு, உங்கள் சொந்த அக்கவுண்டில் மீண்டும் லாக் இன் செய்திடவும். அடுத்து பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் டிவைஸ் என்க்ரிப்ஷன் இருந்தால் அதை ஆஃப் செய்து, வேலை முழுவதும் முடியும் வரை காத்திருந்து, மறுபடி ஆன் செய்திடவும். புதிய கீ உங்கள் அக்கவுண்டில் வந்துவிட்டதா என்று சரி பார்த்திடவும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் அரை நாள் வேலை. நீலத் திரை வந்த பிறகு எந்த வேலையும் இல்லை.

ஆசிரியருக்காக அந்தப் பையனைத் தேடிப் பிடித்தோம். வேறு ஊரில் செல்போன் கடையில் இருந்தான். பாவம், அவனும் தனக்குத் தெரிந்த முகவரிகளையெல்லாம் போட்டுப் பார்த்தான். எதுவும் சரியாக வரவில்லை. டிஸ்கை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை. மகள் திருமணப் படங்கள் உறவினர்களின் செல்போன்களிலிருந்து பாதிக்கு மேல் திரும்ப வந்துவிட்டன. ஊர் வரலாறு வரவில்லை. கையெழுத்தில் இருந்த முதல் இரண்டு அத்தியாயங்கள் மட்டும் ஒரு பழைய நோட்டில் கிடைத்தன.

புதிதாக விண்டோஸ் போட்ட அன்று நான் கீபோர்டைத் தொடவில்லை. அவரே உட்கார்ந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, தன் பெயரில் அக்கவுண்ட் திறந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. ரெகவரி கீயை இரண்டு பிரதிகள் எழுதினார். ஒன்று பீரோவுக்கு. இன்னொன்றைக் கவரில் போட்டு ஒட்டி மகள் வீட்டுக்கு அனுப்பினார், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் எழுதிய அதே அழகான கையெழுத்தில்.